இருளைக் காக்கும் பெட்டி



கமரா என்ற சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்கு அறை என்பது பொருள். நிழற்படக் கலை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஓர் அறையின் சாளரங்களையெல்லாம் அடைத்து ஒரு சிறு துவாரத்தை மட்டும் விட்டால், வெளியுலகின் காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து விழும் என்பதை அறிஞர் கண்டிருந்தனர். அத்தகைய அறைக்குக் 'கமரா ஒப்ஸ்கியூரா', அதாவது இருண்ட அறை என்று பெயரிட்டனர். காலப்போக்கில் அவ்வறை சுருங்கிப் பெட்டியாயிற்று. 'இருண்ட' என்னும் அடைமொழியும் உதிர்ந்துபோய், 'அறை' என்பது மட்டும் பெயராக நின்றுவிட்டது.

பெயரிலிருந்து இருள் நீங்கிய போதிலும் பெட்டியிலிருந்து அது நீங்கலாகாது. கமராவுக்குள் ஒளி நுழைவதற்கு ஒரே வாயில்தான் உண்டு. அது வில்லை. அவ்வாயிலும் நாம் விரும்பும் கணத்தில் மட்டுமே திறக்க வேண்டும். வேறு எந்த இடுக்கின் வழியாகவேனும் ஒளி உட்புகுந்தால் அதனை ஒளிக்கசிவு என்பர். கூரையின் ஓட்டை மழை வந்தால் தெரியும். கமராவின் ஓட்டையோ பிலிமைக் கழுவிய பின்னரே தெரியும். அதற்குள் எடுத்த படம் போய்விட்டது. அவ்வோட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டபின் அடைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பழைய பெரும்படக் கமராவை நேயர்களிற் பலர் படம்பிடிக்கும் நிலையங்களிற் கண்டிருப்பர். முக்காலியின்மேல் மரச்சட்டம் ஒன்று இருக்கும். அதன் முன்புறத்தில் ஒரு பலகையில் வில்லை பொருத்தப்பட்டிருக்கும். பின்புறத்தில் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். இரண்டையும் இணைப்பது, கொல்லன் உலைத் துருத்தியைப் போல் மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் தோற்கூடு. அதனையும் துருத்தி என்றே வழங்கலாம். படம் பிடிப்பவர் கறுப்புத் துணியைத் தலைமேற் போர்த்திக்கொண்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைத் தெளிவாக்குவார். பிறகு அக்கண்ணாடிக்கு முன்னால் பிலிம் தாங்கியைச் செருகுவார். தாங்கி என்பது தட்டையான சிறு பெட்டி. அதன் இருபுறமும் ஒவ்வொரு பிலிம் தாள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய தகடு மூடியிருக்கும். அத்தகட்டை வெளியே இழுத்த பின்னரே பிலிம் வில்லையை நோக்கும். இப்பேச்சில் அதனை இழுப்புத் தகடு என்று குறிப்பிடுவோம்.

இலண்டனில் 1885ஆம் ஆண்டில் தொடங்கிய கண்டோல்பி நிலையத்தாரின் மரக் கமராக்கள், சிக்காகோ நகரின் டியர்டோர்வ் கமராக்கள், 1912ஆம் ஆண்டில் வெளிவந்து பத்திரிகைப் படப்பிடிப்பாளரின் கையிற் பல்லாண்டுகள் விளங்கிய ஸ்பீட் கிராபிக் என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றிற் பல இன்றும் பழுதின்றி இயங்குகின்றன. மரமும் பித்தளையும் நூறாண்டுகள் நிலைக்கக்கூடியவை. தோலும் துணியும் பசையும் அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. பழைய கமராவின் நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கு ஒரு கேள்வி எழலாம். அக்காலத்தவர் இத்தகைய கமராக்களைக் கொண்டு குறையற்ற படங்களை எடுத்தார்களே, அவர்களுக்கு இத்தொல்லை இல்லையா? தொல்லை இருந்தது, ஆயினும் மிகக் குறைவு. அதற்குக் காரணம் அவர்களுடைய தட்டுகளின் மந்தம். 1851ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டின்மேல் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டும். அத்தட்டு ஒளியை மிக மெதுவாகவே ஏற்கும். நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் இம்முறையிலேயே பெரிய கண்ணாடித் தட்டுகளில் உருவப்படங்களை எடுத்தார். அவர்முன் அமர்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க நேர்ந்தது. அவ்வம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, மலைநாட்டில் போகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும்.

1871ஆம் ஆண்டில் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்னும் மருத்துவர் ஜெலற்றின் உலர்தட்டை அறிமுகஞ் செய்தார். அதன்பின் வேகம் படிப்படியாகப் பெருகியது. பழைய தட்டுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்கு இருளுக்குச் சமம். 1906ஆம் ஆண்டில் எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் இங்கிலாந்திற் கடைக்கு வந்தன. இன்று விற்கப்படும் தாள் பிலிம்களில் வேகமானவை, ஈரத்தட்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கூர்மையாக ஒளியை உணர்பவை. பாட்டனார் காலத்தில் எவரையும் தொல்லைப்படுத்தாத ஒரு சிறு துவாரம், பேரனின் பிலிமில் பெருங்கறையாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

துவாரத்தின் வலிமையை ஒரு சிறு கணக்கினாற் காட்டலாம். துருத்தியில் ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள துளை ஒன்று உண்டு. பிலிம் அதிலிருந்து 200 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். தூரத்தைத் துளையின் அகலத்தாற் பிரித்தால் 200 வருகிறது. வில்லையின் துளை எண் 22 என்று வைத்தால், துருத்தித் துளை செலுத்தும் ஒளி வில்லை செலுத்துவதில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்குதான். இது அற்பம் என்று தோன்றும். ஆனால் வில்லை திறந்திருப்பது ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. இழுப்புத் தகடோ, படம் பிடிப்பவர் ஆயத்தமாகும் வரை இருபது வினாடிகள் வெளியே இருக்கிறது. இருபது வினாடி என்பது வில்லை திறந்த நேரத்தைப்போல் ஆயிரம் மடங்கு. ஆகவே, அத்துளை காட்சியின் அளவே பிரகாசமான ஒன்றை நோக்கியிருந்தால், வில்லை தந்த ஒளியைப்போல் பன்னிரண்டு மடங்கு ஒளியை அது பிலிமின்மேற் கொட்டிவிடும். துளையின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்காயினும், அதாவது ஊசி நுழைந்த அளவேயாயினும், வில்லை தந்ததிற் பாதியளவு ஒளி அதன் வழியே வந்துவிடும். கசிவின் வலிமை துளையின் பருமனில் மட்டும் தங்கியதன்று. துளை திறந்திருக்கும் நேரமே அதற்குப் பெருந்துணை.

இனி, இத்தகைய கமரா ஒன்றை வாங்கிய அன்பர் ஒருவரை மனத்திற் கொள்வோம். அவருடைய தாயாருக்கு எண்பது வயது நிறையப் போகிறது. அந்நாளில் தாயாரின் உருவத்தைப் பெரிய பிலிமில் ஒருமுறை நன்றாக எடுத்து வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒத்திகையாக ஒருநாள் முற்றத்தில் தாயாரை அமர்த்திச் சில படங்கள் எடுக்கிறார். கழுவிப் பார்த்தால், நெகற்றிவ் என்னும் எதிர்ப்படத்திற் கரிய கீற்று ஒன்று ஓடுகிறது. அச்சிட்ட படத்தில் அது வெண்மையாக மாறி, கீழ் விளிம்பிலிருந்து மடியைக் கடந்து முகம் வரை விசிறிபோல் விரிந்து நிற்கிறது. அன்பர் துருத்தியைப் பார்க்கிறார். தோல் வெடித்து நிறம் மங்கிக் கிடக்கிறது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று துணிந்து, புதிய துருத்திக்கு விலை விசாரிக்கப் புறப்படுகிறார்.

அவர் சற்றே பொறுக்க வேண்டும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு. கமராவுக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும். தோற்றத்தாற் கேடுற்ற உறுப்புத்தான் குற்றம் செய்த உறுப்பு என்று கொள்ளலாகாது. இவ்வழக்கில் நேரிற் கண்ட சாட்சி ஒன்று உண்டு. அதுவே அந்த எதிர்ப்படம். முதலில் அதனை விசாரிக்க வேண்டும்.

எதிர்ப்படத்தின் ஓரங்களைப் பார்த்தல் முதற்படி. பிலிம் தாள் தாங்கிக்குள் இருக்கும்போது அதன் ஓரங்கள் மெல்லிய சட்டத்தின்கீழ் ஒளிந்திருக்கும். கமராவின் உள்ளிருந்து வரும் எந்த ஒளியும் அவ்வோரங்களைத் தீண்டாது. ஆகவே, கறை படத்தின் எல்லைக்குள் மட்டும் நின்று, ஓரம் தெளிவாக இருந்தால், ஒளி முன்புறமிருந்து வந்திருக்கிறது. துருத்தி, வில்லைப் பலகை, ஷட்டர் ஆகியவற்றுள் ஒன்றை ஐயுற வேண்டும். கறை ஓரத்தையும் கடந்து தாளின் விளிம்பு வரை சென்றிருந்தால், பெரும்பாலும் தாங்கியிலேயோ, பிலிமை ஏற்றிய அறையிலேயோ பிழை நேர்ந்திருக்கிறது.

கறையின் வடிவத்தையும் இடத்தையும் பார்த்தல் இரண்டாம் படி. துருத்தித் துளையால் வரும் கறை பொதுவாக எல்லை மங்கிய திட்டாக இருக்கும். ஒரு விளிம்பிலிருந்து தொடங்கிக் கீற்றாகவோ விசிறியாகவோ விரிவது, தகட்டை இழுக்கும் வாயிலிலிருந்து வந்ததாக இருத்தல் கூடும். இங்கு மறக்கலாகாத ஒன்று உண்டு. கமராவுக்குள் உருவம் தலைகீழாக விழுகிறது. அச்சிட்ட படத்தில் கீழ் விளிம்பாகத் தோன்றுவது, கமராவுக்குள் மேற்புறமாக இருந்த விளிம்பு. அன்பரின் படத்தில் தாயாரின் காலடியிலிருந்து கீற்று எழுந்தது என்றால், ஒளி தாங்கியின் தலைப்பக்கத்திலிருந்து இறங்கியது என்று பொருள். நெடுக்குப் படத்தில் இழுப்புத் தகடு வெளியே வரும் வாயில் அங்கேதான் இருக்கிறது.

எந்தப் படம் எந்தத் தாங்கியில் இருந்தது என்று அறிதல் மூன்றாம் படி. இதற்காகப் பழைய படப்பிடிப்பாளர் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். தாங்கியின் உட்சட்ட விளிம்பில் அரத்தினாற் சிறு வெட்டுகளை இடுவர். முதல் தாங்கிக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று எண்ணிக்கை மாறும். வெட்டு உள்ள இடத்தில் ஒளி சற்று அதிகமாகப் பரவுவதால், எதிர்ப்படத்தின் ஓரத்தில் சிறு கரும்பற்கள் பதியும். அதன்பின் ஒவ்வொரு பிலிமும் தான் இருந்த வீட்டின் இலக்கத்தைத் தானே சொல்லும். பத்துப் படங்களில் மூன்றாம் தாங்கியில் இருந்தவற்றில் மட்டும் கறை காணப்பட்டால் துருத்திக்கும் அக்கறைக்கும் தொடர்பில்லை. எல்லாத் தாங்கிகளிலும் ஒரே இடத்திற் கறை வந்தால் கமராவின் உடலைச் சோதிக்க வேண்டும்.

விசாரணை முடிந்தபின் சோதனை தொடங்கலாம். சோதனையில் ஒரே விதிதான் உண்டு. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இரண்டு பாகங்களை ஒருங்கே திருத்திவிட்டு, கறை போய்விட்டது என்று மகிழ்பவர், எது குற்றவாளி என்பதை ஒருநாளும் அறியமாட்டார்.

முதலில் தாங்கியைத் தனியாகச் சோதிக்கலாம். பிலிமை ஏற்றி, தகட்டை இழுக்காமல், வெயிலில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிச் சில நிமிடங்கள் வைத்து, பின் கழுவிப் பார்க்க வேண்டும். பிலிமின் விலையை எண்ணி அஞ்சுபவர்கள் அச்சிடும் நிழற்படத் தாளை அளவாக வெட்டி வைக்கலாம். கறுப்பு வெள்ளைத் தாளைச் சிவப்பு விளக்கின் கீழேயே கையாளலாம். ஆனால் அது பிலிமைவிடப் பன்மடங்கு மந்தமானது. ஆதலால் நேரத்தைப் பன்மடங்கு நீட்ட வேண்டும்.

அடுத்தது கமராவின் உடல். வில்லையை மூடியிட்டு அடைத்து, கமராவை வெயிலில் நிறுத்தி, குறையற்றது என்று தெரிந்த தாங்கியைச் செருகி, தகட்டை முழுவதும் இழுத்து ஐந்து நிமிடம் விட வேண்டும். அவ்வேளையிற் கமராவை மெல்லத் திருப்பினால் எல்லாப் பக்கமும் வெயில்படும். கறை விழுந்தால், துருத்தியை மட்டும் கறுப்புத் துணியாற் சுற்றி மறுபடியும் செய்ய வேண்டும். கறை மறைந்தால் துருத்தியே காரணம். மறையாவிட்டால், துணியைப் பின்சட்டத்தின்மேற் போர்த்திப் பார்க்க வேண்டும். பின்னர் வில்லையின் மூடியை எடுத்து, ஷட்டரை மட்டும் அடைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். தேய்ந்த ஷட்டரின் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நடுவில் ஒளியை விடுவதுண்டு.

துருத்தி என்று உறுதியானால், துளை இருக்குமிடத்தைக் கண்ணாற் காண விளக்குச் சோதனை உதவும். இரவில், முற்றாக இருண்ட அறையில், துருத்தியை முழு நீளத்துக்கும் விரித்து, உள்ளே ஒரு சிறிய விளக்கை வைக்க வேண்டும். முன்னர் இதற்கு மின்குமிழைப் பயன்படுத்தியவர்கள் அதன் சூட்டினால் தோல் கருகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருந்தது. இன்றைய எல். ஈ. டி. ரோச் விளக்குகளுக்கு அந்தச் சூடு இல்லை. விளக்கை ஏற்றிய உடனே பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று முடிவு செய்தலாகாது. கண் இருளுக்குப் பழகுவதற்குப் பத்து நிமிடமேனும் வேண்டும். அதன்பின் துருத்தியை மெல்ல வளைத்தும் அசைத்தும் பார்த்தால், மடிப்புகளின் மூலைகளில் விண்மீன்போற் புள்ளிகள் மின்னும். மடிப்பு மூலையே அதிகமாக வளைந்து தேயும் இடம். ஆகவே அங்கேதான் துளைகள் முதலில் தோன்றும். கண்ட இடத்தைத் தையற்காரர் சுண்ணக்கட்டியால் அப்போதே குறித்துவிட வேண்டும். பொழுது விடிந்தபின் அவை கண்ணுக்குப் புலப்படமாட்டா.

எங்கெங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். வில்லைப் பலகை தன் சட்டத்தில் இறுகப் பொருந்துகிறதா? அதில் முன்பிருந்த வேறொரு வில்லையின் திருகாணித் துளைகள் திறந்து கிடக்கின்றனவா? மரப்பலகைகள் காய்ந்து சுருங்கிப் பொருத்துகள் விலகியுள்ளனவா? தாங்கியின் முதுகிலுள்ள சிறு வரம்பு, கமராவின் பின்சட்டத்தில் அதற்கென வெட்டிய பள்ளத்தில் நன்கு அமர்கிறதா? தாங்கியை அழுத்திப் பிடிக்கும் வில்கள் தளர்ந்துவிட்டனவா? தளர்ந்திருந்தால், தகட்டை இழுக்கும்போது தாங்கியும் சற்றே எழுந்து, அந்தக் கணத்தில் ஒளி புகுந்துவிடும். தாங்கியின் வாயிலில் ஒளியைத் தடுக்கும் வெல்வெற் துணி தேய்ந்துள்ளதா? பிலிமை ஏற்றும் பக்கத்திலுள்ள மடிமூடியின் துணிக்கீல் கிழிந்துள்ளதா? இழுப்புத் தகட்டில் வெடிப்பு உண்டா? இவை ஒவ்வொன்றும் கசிவின் வாயில்களாகும்.

வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் இத்தொல்லைகள் விரைவில் வரும். தோலிற் பூஞ்சணம் பிடிக்கிறது. பசை இளகுகிறது. கரப்பான் பூச்சியும் ஏனைய பூச்சிகளும் துணியையும் பசையையும் அரிக்கின்றன. இதனை அறிந்தே ஐரோப்பியக் கமராச் செய்வோர் வெப்பநாடுகளுக்கெனத் தேக்குமரத்தாற் செய்து பித்தளைப் பட்டையிட்ட கமராக்களைத் தனியாக விற்றனர். இலங்கை போன்ற நாட்டில் பழைய கமரா வைத்திருப்பவர்கள் துருத்தியை மூடிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்காமல், இடையிடையே விரித்து, உலர்ந்த காற்றுப்படச் செய்து, தூசு தட்டிவைத்தல் நன்று.

இனித் திருத்தும் வழிகளைப் பார்ப்போம். துருத்தியின் சிறு துளைகளுக்குக் கறுத்த துணிச்சாயத்தை அல்லது இழுபடக்கூடிய கறுத்த இறப்பர்ப் பூச்சை மெல்லிய தூரிகையால் உட்புறத்திலிருந்து தடவலாம். ஒரே தடிப்பாகப் பூசாமல், மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூச வேண்டும். துருத்தியை விரித்த நிலையிலேயே முற்றாக உலரவிட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் மடிப்புகள் ஒட்டி, பிறகு விரிக்கும்போது தோல் உரிந்துவிடும். துளை பெரிதானால், மெல்லிய கறுப்புத் துணியில் நகமளவு துண்டு வெட்டி, வளையும் தன்மையுள்ள பசையால் ஒட்டலாம். தடித்த ஒட்டுநாடாவைச் சுற்றுதல் கூடாது. துருத்தி அதன் தடிப்பால் மடியாது. கமராவை மூட முடியாது. வலிந்து மூடினாற் புதிய கிழிசல் உண்டாகும். தோலைப் பதப்படுத்துவதாக எண்ணி எண்ணெயில் ஊறவைப்பதும் தீது. எண்ணெய் உட்சென்று, துணியையும் தோலையும் பிடித்திருக்கும் பசையைக் கெடுக்கும்.

மடிப்புகள் எங்கும் வெடித்து, இன்று ஒன்றை அடைத்தால் நாளை இரண்டு தோன்றும் நிலை வந்தால், துருத்தியை மாற்றுவதே முறை. உள்ளே கறுப்புத் துணி, நடுவில் மட்டைக் கீலங்கள், வெளியே தோல் அல்லது ஒளிபுகாத் துணி என்னும் மூன்றடுக்காகவே துருத்தி செய்யப்படுகிறது. பழையதைக் கழற்றுமுன் அதன் முழு நீளம், இரு வாய்களின் அளவு, மடிப்புகளின் எண்ணிக்கை, மடித்தபோதுள்ள தடிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வில்லைப் பலகையின் பழைய திருகாணித் துளைகளுக்கு மரமுளை அடித்துக் கறுப்பு மை பூசினாற் போதும். பலகை தளர்ந்திருந்தால் அதன் பள்ளத்தில் கறுத்த கம்பளி நூல் ஒன்றை வைக்கலாம். தாங்கியின் வாயிலுக்கு மெல்லிய கறுப்பு வெல்வெற்றும், மடிமூடியின் கீலுக்குப் புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் கறுப்புத் துணியும் போதுமானவை. வெடித்த தகட்டுக்குப் பதிலாக அதே தடிப்புள்ள வேறு தகடு தேட வேண்டும்.

பின்சட்டத்தைத் திருத்தும்போது மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தாங்கி நன்றாக இறுக வேண்டும் என்று எண்ணி, அது அமரும் இடத்திற் சிலர் தடித்த துணியை ஒட்டிவிடுவர். ஒளி நின்றுவிடும், ஆனால் படம் தெளிவிழந்துவிடும். தேய்த்த கண்ணாடி இருந்த அதே தளத்திற் பிலிமும் இருந்தாற்றான் கண்ட தெளிவு படத்திலும் கிடைக்கும். நான்குக்கு ஐந்து அங்குலத் தாங்கியில், அதன் முகத்திலிருந்து பிலிம் இருக்கும் ஆழம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ஒட்டிய துணி ஒரு மில்லிமீற்றர் தடிப்பாயினும் அக்கணக்குக் கலைந்துவிடும். ஒரு நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்து மற்றொரு நோயை உண்டாக்கலாகாது. அங்கே துணி ஒட்டுவதைவிட, தளர்ந்த வில்லை வலுப்படுத்தி, பள்ளத்தில் சேர்ந்த தூசையும் பழைய பசையையும் அகற்றுவதே தக்கது.

கசிவுபோலத் தோன்றிக் கசிவல்லாத குறைகளும் சில உண்டு. சூரியன் வில்லையின் முகத்தில் நேரே பட்டால், படத்தில் வெண்படலமும் பல்கோண வடிவத் திட்டுகளும் உண்டாகும். துருத்தியின் உட்புறம் கருமை இழந்து பளபளத்தால், உள்ளே ஒளி தெறித்துப் படம் சோபையிழக்கும். கழுவும் பாத்திரத்தை ஒழுங்காக அசைக்காவிட்டாலும் கோடுகள் வரும். சிவப்பு விளக்கின்கீழ் அஞ்சாமல் தட்டை ஏற்றிய பழைய வழக்கம், எல்லா நிறங்களையும் உணரும் இன்றைய பிலிமுக்குச் சிறிதும் பொருந்தாது. இருட்டறையிற் கைபேசியின் ஒளித்திரையும், மின்னேற்றியிலுள்ள சிறு விளக்கும், கைக்கடிகாரத்தின் ஒளிரும் முகமும் கேடு செய்யக்கூடியவை. பிலிமை எடுக்குமுன் அறையிற் கதவடைத்துப் பத்து நிமிடம் நின்று பார்த்தால், கதவின் கீழும் சாவித்துவாரத்திலும் வரும் ஒளியைக் கண் தானே காட்டிவிடும்.

நம் அன்பரிடம் மீண்டும் வருவோம். எதிர்ப்படங்களை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தபோது, கீற்று மூன்றாம் தாங்கியில் இருந்தவற்றில் மட்டுமே இருப்பதைக் கண்டார். விசிறியின் காம்பு தகட்டு வாயிலின் பக்கத்தில் இருந்தது. தாங்கியைத் திருப்பிப் பார்த்தால், வாயிலின் வெல்வெற் தேய்ந்து நூல் தெரிகிறது. விரலகலத் துணி ஒன்றைக் கொண்டு அதனைப் புதுப்பித்தார். கீற்று மறைந்தது. அதன்பின்னரே வேறொரு குறை அவர் கண்ணிற் பட்டது. எல்லாப் படங்களிலும் ஒரு மூலையில் மங்கிய திட்டு ஒன்று முன்பிருந்தே இருந்திருக்கிறது. பெரிய கறையின் ஆரவாரத்தில் அது கவனிக்கப்படவில்லை. விளக்குச் சோதனை செய்தார். வெடித்துக் கிடந்த துருத்தியில் இரண்டே இரண்டு துளைகள் அகப்பட்டன. பார்வைக்கு அழகற்ற அத்துருத்தி, அவ்விரண்டிடம் தவிர மற்றெங்கும் இருளை ஒழுங்காகவே காத்துக்கொண்டிருந்தது. சிறிது கறுப்புப் பூச்சோடு அக்குறையும் தீர்ந்தது.

எண்பதாம் பிறந்தநாளன்று அவர் மேலும் ஒரு காவல் செய்தார். தாயாரை அமர்த்தி, எல்லாவற்றையும் ஆயத்தஞ் செய்த பின்னர், தலைமேற் போர்த்த அதே கறுப்புத் துணியைக் கமராவின்மேல் விரித்து, வில்லைமட்டும் வெளியே தெரியவிட்டார். தகட்டை இறுதிக் கணத்தில் இழுத்தார். படம் எடுத்ததும் தாமதமின்றி அதனைத் தள்ளி மூடினார். துளை எங்கேனும் எஞ்சியிருப்பினும், அது வேலை செய்ய நேரம் கொடுக்கவில்லை. துருத்தியைத் திருத்த வசதியில்லாதவர்களுக்கும், பயணத்தின் நடுவே கசிவைக் கண்டவர்களுக்கும் இந்த ஒரு பழக்கமே பெருந்துணையாகும்.

நேயர்களே, வீடுகளிலும் படம்பிடிக்கும் நிலையங்களிலும் பழைய மரக் கமராக்கள், 'கெட்டுப்போனவை' என்ற ஒரே தீர்ப்போடு மூலையிற் கிடக்கின்றன. பிலிம் தாள்கள் இன்றும் செய்யப்படுகின்றன. வில்லைகள் இன்றும் தெளிவாகவே காண்கின்றன. அக்கமராக்களிற் பலவற்றின் குற்றம் ஒரு முழம் துணியாலும் ஒரு மாலைப்பொழுதின் பொறுமையாலும் தீரக்கூடியது. அவற்றை எறிந்துவிடுமுன், அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, பத்து நிமிடம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருத்தல் நலம்.